22ஆம் நம்பர் முள்ளும் கச்சான் காத்தும்

மச்சான் கனடாவில இருந்து ட்ரவுட் மீன் பிடிக்கிற டிரை ஃப்ளை (முள்ளில கட்டின, தண்ணியில மிதக்கிற பொய் ஈ) ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறார். ட்ரவுட் கிடக்கிறது நுவரெலியாப் பக்கத்துக் குளிர் ஆறுகளில. திருகோணமலையில எனக்கு எதுக்கு? சரி, லீவுக்குப் போகேக்க பாப்பமெண்டு முற்றத்தில இருந்து கட்டிப் பழகினன்.

22ஆம் நம்பர் தூண்டில் முள். நம்பர் கூடக் கூட முள் சின்னனாகுமாம், எந்தப் புண்ணியவான் வைச்ச கணக்கோ! அரிசியிலும் சின்னன். அந்தக் காதுக்குள்ள 0.10 மில்லிமீற்றர் தங்கூசியைக் கோர்க்க வேணும். கண்ணாடி போட்டும் அரை மணித்தியாலம். கோர்த்து முடிய அடிச்சுது ஒரு கச்சான் காத்து, ஈயைக் காணேல்ல. கடைசியாக் கண்டுபிடிச்சது மனிசியின்ர உள்ளங்கால்தான்.

பக்கத்து வீட்டு ஐயா இறால் துண்டு கொழுவிக் கைத்தூண்டில் போட்டு, கை நிறையப் பாரையோட வாறார். என்னைப் பாத்து, "என்ன தம்பி, நுளம்பு பிடிக்கிறியோ?" எண்டு கேட்டிட்டுப் போறார்.