கிளினிக் கொப்பி இருக்கும் வீடுகளுக்கு

போதை என்றதும் திருகோணமலையில் எல்லோருடைய கண்ணும் சந்தியில் நிற்கும் பெடியன்கள் பக்கம்தான் போகிறது. ஐஸ், ஹெரோயின் என்று பள்ளிக்கூடக் கூட்டத்திலும் கோயில் கூட்டத்திலும் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் வைத்தியர் எழுதிக்கொடுத்த நோவுக் குளிசைக்கே அடிமையாகி, விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடக்கிற மனிதரை யாரும் கவனிப்பதில்லை. குடி இல்லை, கெட்ட சகவாசம் இல்லை, கையில் கிளினிக் கொப்பி இருக்கிறது. பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர் ஏமாந்துபோகிறார்கள் என்பது என் கருத்து.

நோ பொய்யில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வள்ளம் தள்ளி வலை இழுக்கிறவர்களுக்கு நாரி நோ வராமல் இராது. மூதூர், சம்பூர்ப் பக்கம் 2006 இல் செல்லடியில் காயப்பட்டவர்களுக்குப் பழைய காயம் இன்றைக்கும் குடைகிறது. கால் போனவருக்கு இல்லாத காலே வலிக்கும். இவர்களிடம் போய் “பொறுத்துக்கொள்ளுங்கோ” என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ட்ரமடோல் என்ற நோவுக் குளிசை 1977 இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தபோது, மோர்பின் மாதிரி ஆளைப் பிடித்துக்கொள்ளாது என்றுதான் நம்பினார்கள். அப்புறம் 2014 இல் அமெரிக்காவும் 2018 இல் இந்தியாவும் அதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது. அதுவும் அபின் குடும்பத்து மருந்துதான். கோடீனும் அப்படியே. பரசிட்டமோல் மாதிரி நினைத்து வாயில் போடுகிற சாமான் இல்லை இது.

என் பெரியப்பா திருக்கடலூரில் இருந்தவர். நாரியில் அடிபட்டு ட்ரமடோல் தொடங்கியது. பிறகொரு நாள் பெரியம்மா மேசை லாச்சியைத் துப்புரவாக்கும்போது குளிசை போட்டுத் தரும் சின்னக் கடதாசி உறைகள் ஒரு கட்டாக வந்தன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பாமசியின் முத்திரை. எல்லாவற்றிலும் ஒரே மருந்து, ஒரே கிழமை. நான் எதையாவது ஒன்றை மட்டும் பார்க்கச் சொல்வேன் என்றால் இதைத்தான் சொல்வேன்: மாதத்துக்குத் தந்த குளிசை எத்தனை நாளில் முடிகிறது, முடிந்த பிறகு எங்கே வாங்குகிறார்.

அதற்கு முன்பே உடம்பு சொல்லியிருந்தது. குளிசை நேரம் தப்பினால் பெரியப்பாவுக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி. மூக்கு ஒழுகும், வியர்க்கும், மயிர் கூச்செறியும், இரவில் காலை ஓரிடத்தில் வைக்க முடியாது, வயிற்றாலே போகும். எல்லோரும் தடிமன் என்றார்கள். குளிசை போட்ட அரை மணி, ஒரு மணியில் ஆள் சரி. சாதாரண தடிமன் அப்படி மாறுமா? மருந்து உள்ளே இருக்கும்போது இதற்கு நேர்மாறு: மலச்சிக்கல், பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகுவது, சோற்றில் மனமில்லாதது.

இன்னொரு சிக்கலைக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். இந்த வகை மருந்தைக் கனகாலம் கூடுதலாக எடுத்தால் சிலருக்கு நோவே கூடும். நரம்பு அவ்வளவு கூர்மையாகிவிடும். “நோ கூடிப்போச்சு, இரண்டு போட்டால்தான் எழும்பலாம்” என்று அவர் சொல்வது பொய்யில்லை, உண்மையாகவே வலிக்கிறது. அந்த வலிக்கு அதே குளிசையைக் கூட்டினால்தான் ஆள் இன்னும் ஆழத்துக்குப் போகிறார்.

புற்றுநோய்க்கு மோர்பின் எடுப்பவரைத் தயவுசெய்து இந்தக் கண்ணோடு பார்க்காதீர்கள். சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் எடுப்பவருக்கு உடம்பு மருந்துக்குப் பழகியிருக்கலாம். அது வேறு. அளவை மீறுவதும், ஒளிப்பதும், கேட்டால் சீறுவதும், குளிசைக்காகப் பொய் சொல்வதும்தான் கவலைப்பட வேண்டிய பக்கம்.

கண்டுபிடித்த அன்றே குளிசையைப் பிடுங்கி மலசலகூடத்தில் கொட்டுகிற வீரம் வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் ஆள் படும் பாடு பயங்கரம், அந்தப் பாட்டிலேயே அதிகம் பேர் திரும்பவும் தேடி ஓடுகிறார்கள். கொஞ்சநாள் விட்டுவிட்டுப் பழைய அளவையே எடுத்தால் உயிருக்கே ஆபத்து, ஏனென்றால் உடம்பு அதற்குள் அந்தத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். அளவை வைத்தியர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். உறைகள், மட்டைகள், கொப்பி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, ஆளையும் கூட்டிக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. அங்கே போனால் ஊர் என்ன சொல்லும் என்று பயந்து வீட்டுக்குள் மூடிவைப்பவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வையுங்கள், அதோடு கிளினிக்குக்கும் போங்கள். தொலைபேசியில் கேட்பதென்றால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927, மனநல உதவிக்கு 1926.

பேச்சைத் தொடங்குவது ஆள் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் நல்லது, பிள்ளைகள் முன்னால் வேண்டாம். “நீங்கள் குடிகாரன் மாதிரி” என்று தொடங்கினால் கதை அங்கேயே முடியும். “குளிசை நேரம் தப்பினால் நீங்கள் படுகிற பாடு எனக்குத் தெரியுது, டொக்டரிட்ட சேர்ந்து போவோம்” என்றால் கேட்பார்.

கடைசியாக ஒன்று. ட்ரமடோல் அளவு மீறினால் வலிப்பு வரும். நித்திரைக் குளிசையோடோ சாராயத்தோடோ சேர்ந்தால் மூச்சு மெல்ல மெல்லக் குறையும். எழுப்பியும் எழும்பவில்லை, குறட்டை மாதிரிக் கரகரக்கிறது, உதடு நீலம் பாய்கிறது, கண்மணி குண்டூசி முனையளவு சுருங்கியிருக்கிறது என்றால் “தூங்கட்டும்” என்று விடாதீர்கள். ஆளை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, உடனே அம்புலன்ஸ் இலக்கமான 1990 இற்கு அடியுங்கள். என்ன குளிசை, எத்தனை எடுத்தார் என்பதை அம்புலன்ஸில் வருபவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மட்டையையும் கையில் கொடுத்துவிடுங்கள்.