தண்ணீருக்கு எத்தனை பலூன்?

அப்பா: என்ன பெரியவரே இது, பலாப்பழம் மாதிரி இருக்கிறது? பொண்ணின் ஸ்கூல் மாடலுக்கு நான் கேட்டது மீத்தேன் மூலக்கூறு வடிவம்.

பலூன்காரர்: சீட்டில் என்ன எழுதியிருக்கிறது? நீங்களே படியுங்கள் சார்.

அப்பா: "மீத்தேன். நான்கு எலக்ட்ரான் இரட்டைகள்."

பலூன்காரர்: நாலு இரட்டை எத்தனை?

அப்பா: எட்டு.

பலூன்காரர்: எண்ணிப் பாருங்கள். எட்டு இருக்கும்.

அப்பா: ஐயோ, ஓர் இரட்டைக்கு ஒரு பலூன்தான். ரெண்டு எலக்ட்ரானும் அந்த ஒரே பலூனுக்குள்.

பலூன்காரர்: எங்கள் தொழிலில் இரட்டை என்றால் ரெண்டு. உங்கள் தொழிலில் ஒண்ணு. காசு எந்தத் தொழில் கணக்கில்?

அப்பா: முதலில் நாலைக் கட்டுங்கள். ஆனால் ஒரு பலூனுக்கும் அடுத்த பலூனுக்கும் நடுவில் கோணம் சரியாக 109.5 டிகிரி வர வேண்டும். அரை டிகிரி குறைந்தாலும் மார்க் போய்விடும்.

(சட்டைப் பையிலிருந்து கோணமானி வெளியே வந்தது. 45 வயது மனிதர் பையில் கோணமானியோடு அலைந்தால் வீட்டில் பிளஸ் ஒன் பிள்ளை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.)

பலூன்காரர்: அதை உள்ளே வையுங்கள், குத்திவிடும். ரெண்டு ரெண்டாக முடிந்து, அந்த முடிச்சு ரெண்டையும் ஒரு முறுக்கு. விட்டேன். பாருங்கள், எப்படிப் போட்டாலும் மூணு காலில் நிற்கிறது, ஒண்ணு மேலே பார்க்கிறது.

அப்பா: அட, நான்முகி! நாலு முக்கோணப் பக்கம் உள்ள வடிவம்! எப்படி வளைத்தீர்கள்?

பலூன்காரர்: நான் எங்கே வளைத்தேன்? ஒண்ணுக்கொண்ணு ஆகாது. எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அப்பா: அதைத்தான் சீட்டிலும் போட்டிருக்கிறான். எலக்ட்ரான் இரட்டைகள் ஒன்றையொன்று விலக்கும். 1957ல் லண்டனில் கில்லெஸ்பி, நைஹோம் என்று ரெண்டு பேர் விளக்கி எழுதினார்களாம்.

பலூன்காரர்: அவர்களும் பலூன் யாவாரமா?

அப்பா: புரொஃபசர்கள்! சரி, அடுத்தது தண்ணீர். ஹைட்ரஜன் ரெண்டு, அதனால் பலூன் ரெண்டு. நடுவில் 104.5 டிகிரி.

பலூன்காரர்: இந்தாங்கள்.

அப்பா: இது நேராக இருக்கிறதே!

பலூன்காரர்: ரெண்டு பலூன் நேராகத்தான் நிற்கும்.

அப்பா: தண்ணீர் வளைந்திருக்க வேண்டும் பெரியவரே.

பலூன்காரர்: தண்ணீர் வளையலாம். ரெண்டு பலூன் நேராகத்தான் நிற்கும்.

அப்பா: கொஞ்சம் அமுக்கிப் பிடியுங்கள். ஆ, இப்போது சரி. கையை எடுங்கள்... மறுபடி நேராகிவிட்டதே!

பலூன்காரர்: முப்பது வருஷமாக அப்படித்தான் நிற்கிறது. நாளைக்கு ஸ்கூலில் நீங்கள் பக்கத்தில் நின்று அமுக்கிக்கொண்டே இருப்பீர்களா?

அப்பா: இருங்கள், சீட்டைப் பார்க்கிறேன். கார்பன் டை ஆக்சைடு, 180 டிகிரி, நேர்கோடு. இது அதுதான்! ஓரமாக வையுங்கள். ரெண்டு பக்கமும் இரட்டைப் பிணைப்பு, அதாவது ரெண்டு எலக்ட்ரான் இரட்டை, ஆனால் பக்கத்துக்கு ஒரு பலூன் போதும் என்று போட்டிருக்கிறது.

பலூன்காரர்: மறுபடி இரட்டை, மறுபடி ஒண்ணு. உங்கள் ஆட்களுக்கு ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியாதா?

அப்பா: தண்ணீரைப் பாருங்கள்.

பலூன்காரர்: தண்ணீர் வளைகிறது என்றால் பின்னாலிருந்து யாரோ தள்ளுகிறார்கள். சீட்டை நன்றாகப் பாருங்கள், வேறு யார் பேராவது விட்டுப்போயிருக்கும்.

அப்பா: "தனித்த இரட்டைகள்: 2" என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. ஆக்சிஜனிலேயே இருக்குமாம், ஹைட்ரஜனோடு சேராதாம். ஆனால் வடிவம் சொல்லும்போது அணுக்களை மட்டும்தான் பார்க்க வேண்டுமாம்.

பலூன்காரர்: அப்படிச் சொல்லுங்கள். பலூன் நாலு, பெயர் ரெண்டுக்கு. அந்த ரெண்டையும் நிறமில்லாததில் ஊதித் தருகிறேன்.

அப்பா: கண்ணுக்குத் தெரியாத பலூனுக்குக் காசு உண்டா?

பலூன்காரர்: ஊதுகிற மூச்சு எனக்குத் தெரிகிறதே.

அப்பா: சரி சரி. ஆனால் நாலு என்றால் 109.5 அல்லவா வரும்? எனக்கு 104.5 வேண்டும்.

பலூன்காரர்: தெரியாத ரெண்டையும் பெரிதாக ஊதுகிறேன். மற்ற ரெண்டும் தானாக ஒடுங்கும். பஸ்ஸில் மூணு பேர் சீட்டில் ஒருத்தர் காலை அகட்டி உட்கார்ந்தால் மற்றவர்கள் ஒடுங்குவதில்லையா?

அப்பா: சீட்டில் இருப்பதும் அதேதான்! பிணைப்பில் இருக்கும் இரட்டையை ரெண்டு பக்கமும் அணுவின் கரு இழுத்துப் பிடிக்கிறது. தனித்த இரட்டையை ஒரே ஒரு கரு பிடிக்கிறது. அதனால் பரவி உட்காருகிறது.

பலூன்காரர்: வேலைவெட்டி இல்லாத மாப்பிள்ளை.

அப்பா: அம்மோனியாவில் அப்படி ஒரு மாப்பிள்ளை. அதனால் 107.

பலூன்காரர்: ஒருத்தனுக்கு 107, ரெண்டு பேருக்கு 104.5. சரியாகத்தான் இருக்கிறது.

அப்பா: அம்மோனியம் அயனியில் அவன் மேல் ஒரு ஹைட்ரஜன் வந்து உட்கார்ந்துவிடுகிறது. மறுபடி 109.5.

பலூன்காரர்: வேலை கிடைத்தால் ஒடுங்கிவிடுவான். நாலும் ஒரே அளவு, அவ்வளவுதானே? இந்தாங்கள்.

அப்பா: கடைசியாக செனான் டெட்ரா ஃபுளூரைடு. நாலு பலூன், ஆனால் தட்டையாக, சதுரமாக...

பலூன்காரர்: நாலு தட்டையாக நிற்காது. மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு, தெரியாத பலூன் ரெண்டு இருக்கும். மொத்தம் ஆறு. பாருங்கள்.

அப்பா: "தனித்த இரட்டைகள்: 2." எப்படி ஐயா சொன்னீர்கள்?

பலூன்காரர்: சதுரம் என்றீர்களே. பாப்பா வரவில்லையா?

அப்பா: டியூஷனில் இருக்கிறாள். நாளைக்கு இந்தக் கோணமெல்லாம் டெஸ்ட். பதினெட்டு வடிவம், வரிசையாக மனப்பாடம்.

பலூன்காரர்: அங்கே பலூன் இல்லையா?

அப்பா: அது டியூஷன் பெரியவரே.

பலூன்காரர்: அதைத்தான் கேட்டேன். இந்த மாடல் யார் பெயரில் போகிறது?

அப்பா: அவள் பெயரில்தான்.

பலூன்காரர்: செய்தது நான். தூக்கிப் போவது நீங்கள். பரிசு வாங்குவது பாப்பா. பாவம், அந்தப் பிள்ளையும் தனித்த இரட்டை மாதிரிதான், வடிவக் கணக்கில் இல்லை.

அப்பா: சர்ட்டிபிகேட்டுக்கு மார்க் உண்டு, உங்களுக்கு என்ன தெரியும்? ஸ்கூட்டரில் எப்படி வைப்பது என்று சொல்லுங்கள். அம்மோனியத்தை முன்னால் மாட்டிவிடுகிறேன்...

(டப்!)

பலூன்காரர்: கோணமானியை உள்ளே வையுங்கள் என்று அப்போதே சொன்னேன்.

அப்பா: ஐயோ, ஒண்ணு போயிற்று! இருங்கள், இருங்கள்... மிச்சம் மூணும் தானாக விரிகிறதே. தட்டையாக... 120! போரான் டிரை ஃபுளூரைடு! லிஸ்டில் இருக்கிறது, கேட்கவே மறந்துவிட்டேன். அப்போ அதற்குத் தனியாகக் காசு இல்லை.

பலூன்காரர்: இல்லைதான். ஆனால் அம்மோனியம் போயிற்றே. நாலு பலூன், நாற்பது ரூபாய் எடுங்கள்.