பாதாளச் சாக்கடையா? ஆத்தங்கரைக்காரரை முதலில் கேளுங்கள்

எங்கள் ஊருக்குப் பாதாளச் சாக்கடைத் திட்டம் வருகிறது. அது வேண்டாம் என்று கொடி பிடிக்கிற ஆள் நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமெண்ட்டில் "வளர்ச்சிக்கு எதிரி" என்று ஆரம்பித்துவிடுவார்கள். இன்றைக்கு எங்கள் ஊர்ச் சாக்கடை எங்கே போகிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெருவோரச் சாக்கடையில் இருந்து பள்ளத்துக்கு, பள்ளத்தில் இருந்து நேராகக் காவிரிக்கு. செப்டிக் டேங்கை இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். நம் வீடுகளில் அது பொங்கி வாசலுக்கு வந்தால்தான் லாரிக்காரருக்குப் போன் போகும். அவர் அதைக் கொண்டுபோய் எங்கே கொட்டுகிறார் என்று நாமும் கேட்பதில்லை.

ஆகவே திட்டம் வரட்டும். என் சண்டை வேறு. கருத்துக் கேட்கிறோம் என்று கூப்பிடுகிறவர்கள், இடம், பைப் போகிற வழி, பம்ப் ரூம் எல்லாம் முடிவான பிறகு கூப்பிடுகிறார்கள்.

எங்கள் ஊர்க் கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. சுவரில் பெரிய ஃபிளெக்ஸ், அதில் சிவப்புக் கோடும் நீலக் கோடும். தெருப் பெயர் ஒன்றைக்கூடப் படிக்க முடியாத அளவு பொடி எழுத்து. இன்ஜினியர் பவர்பாயிண்ட்டில் வேகமாக ஓட்டிக்கொண்டு போனார். கடைசி வரிசையில் இருந்து ஆத்தங்கரை விவசாயி ஒருவர் எழுந்தார். "ஏனுங்க சார், 2018ல தண்ணி எங்க களத்து மேட்டைத் தாண்டி வந்துச்சுங்க. நீங்க பம்ப் ரூம் போட்டிருக்கற எடம் அதுக்கும் கீழ இருக்குதுங்களே?" இன்ஜினியர் ஃபிளெக்ஸைத் திரும்பிப் பார்த்தார். "சர்வேல எல்லாம் பாத்துட்டோங்க ஐயா" என்றார். பெரியவர் விடவில்லை. "சர்வே எந்த மாசம் பண்ணுனீங்க?" அதற்குப் பதில் வருவதற்குள் டீ வந்துவிட்டது.

அந்தக் கேள்வி சாதாரணக் கேள்வி இல்லை. சாக்கடை தண்ணீர் சரிவைப் பார்த்துத்தான் ஓடும். மேட்டுக்கு ஏற்ற வேண்டும் என்றால் மோட்டாரும் கரண்ட் பில்லும் வேண்டும். அதனால் கடைசி பம்ப் ரூமும் சுத்திகரிப்பு நிலையமும் ஊரின் கடைசிப் பள்ளத்துக்கு, அதாவது ஆத்தங்கரைக்கோ குளத்தோரத்துக்கோ வந்து சேரும். புறம்போக்கு நிலமும் அங்கேதான் கிடைக்கும், விலை கொடுக்க வேண்டியதில்லை. வெள்ளம் முதலில் ஏறுகிற இடமும் அதுவேதான். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூர் அணையில் இருந்து நொடிக்குச் சுமார் 2 லட்சம் கன அடி திறந்தபோது பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த மட்டத்துக்குக் கீழே பம்ப் ரூமும் மேன்ஹோலும் இருந்தால் என்ன ஆகும்? முதலில் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற பேனல் போர்டு மூழ்கும், அப்புறம் மோட்டார் நிற்கும். மூடி வழியாக ஆற்றுத் தண்ணீர் பைப்புக்குள் இறங்கி, வந்த வழியே பின்னுக்கு ஏறி, தாழ்வான தெருவில் இருக்கிற வீட்டுக் கக்கூஸ் வழியாக வெளியே வரும். ஆற்று வெள்ளம் வாசலோடு நின்ற வீட்டுக்குக்கூட இது உள்ளே வந்துவிடும்.

அதே கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டதும் யாருடைய குறிப்பிலும் ஏறவில்லை. "குழாய்ல தண்ணி நாலு நாளைக்கு ஒருக்கா வருது. இதுல பைப்புல எதைங்க விடறது?" மண்டபத்தில் சிரிப்பு. எனக்கென்னவோ அன்றைக்குக் கேட்ட தொழில்நுட்பக் கேள்வியே அது ஒன்றுதான் என்று பட்டது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று வைத்துத்தான் இந்த மாதிரித் திட்டங்களுக்குக் கணக்குப் போடுகிறார்கள். பைப்புக்குள் தண்ணீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓடினால்தான் மண்ணும் மலமும் அடியில் தங்காது. தண்ணீரே வராத ஊரில் அந்த வேகம் எங்கிருந்து வரும்? அடைத்துக்கொள்ளும். அடைத்தால் யாரையாவது உள்ளே இறக்குவார்கள். 2013லேயே சட்டம் போட்டுத் தடுத்த வேலை, இன்னும் ஆளைக் கொன்றுகொண்டிருக்கிறது.

சரி, ஊருக்குள் இருப்பவர்களையாவது மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். நமக்குக் கீழே இருக்கிறவர்களை யார் கூப்பிட்டார்கள்? நாம் சுத்தம் செய்து விடுகிற தண்ணீர், செய்யாமல் விடுகிற தண்ணீர், இரண்டும் போவது அவர்கள் வாய்க்காலுக்கும் குளத்துக்கும்தான். காளிங்கராயன் வாய்க்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். 13ஆம் நூற்றாண்டில் பவானி ஆற்றில் அணை கட்டி, நொய்யல் வரை சுமார் 90 கிலோமீட்டர் வெட்டியது. இத்தனை நூற்றாண்டு வயலுக்குத் தண்ணீர் கொடுத்த வாய்க்காலில் நம் தலைமுறை சாக்கடையையும் சாயத்தையும் கலந்துவிட்டது. கடைசியில் கழிவைப் பிரித்து விடுவதற்காகவே பக்கத்தில் பேபி வாய்க்கால் என்று ஒன்று கட்ட வேண்டி வந்தது.

ஒரத்துப்பாளையத்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. பாசனத்துக்காக 1992இல் நொய்யலில் அணை கட்டினார்கள். தேங்கியது திருப்பூர்ச் சாயத் தண்ணீர். அந்தத் தண்ணீரை வயலுக்கு விட முடியாத விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. வீட்டுச் சாக்கடையும் சாயக்கழிவும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் கீழே இருப்பவனின் பேச்சு கோர்ட் படியேறின பிறகுதான் காதில் விழுந்தது, அதைத்தான் சொல்கிறேன். வெள்ளோடு பறவைகள் சரணாலயமும் திருப்பூர் நஞ்சராயன் குளமும் இன்று ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் இருக்கின்றன. பலகை வைத்துப் பெருமைப்படுகிறோம். அதே மாதிரி நூறு குளங்கள் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் ஊர்க் கோடியில் கிடக்கின்றன, சாக்கடை வாங்கிக்கொள்வதற்கென்றே.

சட்டமும் இங்கே கை கொடுப்பதில்லை. 2006 சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கையில் உள்ள பெரிய திட்டம் என்றால் 30 நாள் முன்னால் பேப்பரில் விளம்பரம் கொடுத்துப் பொதுமக்கள் கூட்டம் நடத்தியாக வேண்டும். ஊர்ச் சாக்கடை சுத்திகரிப்பு நிலையம் அந்தப் பட்டியலில் இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, அதாவது அனுமதி, வேண்டும்தான், அதற்காக உங்களையும் என்னையும் யாரும் கேட்க வேண்டியதில்லை. ஆக மண்டபத்துக் கூட்டம் எல்லாம் அவர்கள் பார்த்து வைப்பது. நம் கையில் இருப்பது பகுதி சபா, ஊராட்சிக்குக் கிராம சபை மாதிரி நகரத்து வார்டு மக்கள் கூடுகிற கூட்டம். 2022இல்தான் அதற்கு விதி வந்தது. போனால் பத்துப் பேர் இருப்பார்கள், அதில் ஆறு பேர் கவுன்சிலரின் சொந்தக்காரர்கள். இருந்தாலும் அங்கே போட்ட தீர்மானம் ஒரு காகிதமாகவாவது இருக்கும்.

"எங்க ஏரியாவுல பிளாண்ட் வேண்டாம்" என்று மட்டும் எழுதிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கேயாவது வந்தாக வேண்டும். நம் தெருவுக்கு நாறும் என்பவர்கள் இத்தனை வருஷம் ஆற்றை நாற வைத்ததற்கு ஒரு மனுவும் கொடுத்ததில்லை. 2018, 2022 வெள்ள மட்டத்தை அளந்து அதற்கு மேலே பேனல் போர்டு வருமா, கரண்ட் போனால் ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும், அதற்கு டீசல் காசு எந்தக் கணக்கில் இருந்து, வெளியே விடுகிற தண்ணீரை மாசாமாசம் சோதித்து ரிசல்ட்டை எங்கே ஒட்டுவார்கள், கீழே இருக்கிற ஊராட்சிகளுக்கு வரைபடம் போனதா, இதையெல்லாம் கேட்டு எழுதிக் கொடுப்போம்.

எங்கள் வார்டுக்காரர்களுக்கு மட்டும்: அடுத்த பகுதி சபாவுக்கு வருகிறவர்கள் உங்கள் போனில் வெள்ளத்தப்போ எடுத்த போட்டோ இருந்தால் பிரிண்ட் போட்டுக் கொண்டுவாருங்கள். பின்னால் தேதியும் தெருப் பெயரும் எழுதிவிடுங்கள், மனுவோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம். ரசீது வாங்காமல் யாரும் கிளம்ப வேண்டாம்.