புரதம் வாங்கப் போய் உப்பை வாங்கி வராதீர்கள்

ரத்த அழுத்தத்துக்கு மருந்து எழுதிக்கொடுக்கும் மருத்துவர் அநேகமாக இரண்டு வார்த்தை சொல்லி அனுப்புவார்: உப்பைக் குறையுங்கள், புரதம் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுநாளே அந்த வீட்டில் இரண்டு பொருள்கள் வந்து இறங்கிவிடுகின்றன. ஒன்று புரதப் பவுடர் டப்பா, மற்றொன்று இந்துப்பு. இரண்டுக்கும் ஆகும் செலவில் அந்த வீடு ஒரு மாதத்துக்கு முட்டையும் பயறும் வாங்கியிருக்கலாம் என்பது என் கட்சி.

முதலில் கணக்கு. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிற்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பாகச் சொன்னால் 5 கிராம், அதாவது தட்டையாக அள்ளிய ஒரு தேக்கரண்டி. சமையலில் போடுவது, ஊறுகாயில் இருப்பது, கடையில் வாங்கித் தின்னும் மிக்சரில் இருப்பது எல்லாம் இதற்குள் அடக்கம். புரதத்துக்கு, ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். அறுபது கிலோ எடை உள்ளவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் போதும். அதே நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, புரதப் பவுடர்களைத் தவிர்க்கச் சொல்கிறது. சர்க்கரையும் செயற்கைச் சுவையூட்டிகளும் அவற்றில் கலந்திருக்கலாம் என்ற எச்சரிக்கையோடு.

"உப்பில்லாமல் புரதம் எதில் கிடைக்கும்?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், ஏறக்குறைய எல்லாவற்றிலும் என்பதுதான். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது, சோடியம் 70 மில்லிகிராம் அளவில்தான். தோலுரித்த கோழி நெஞ்சுக் கறி 100 கிராமில் 22 கிராம் புரதம், சோடியம் பெரும்பாலும் நூறைத் தாண்டாது. ஆற்று மீனும் கடல் மீனும் புதியதாக இருக்கும்வரை இதே கதைதான். கடலில் வளர்ந்த மீன் என்பதற்காக அதன் சதை உப்பாகிவிடுவதில்லை. ஒரு டம்ளர் பாலில் 6 கிராமுக்கு மேல் புரதம், நூறு மில்லிகிராமை ஒட்டிய சோடியம். பயறு, பருப்பு வகைகளில் சோடியம் இருக்கிறதா என்று தேடத்தான் வேண்டும். பாசிப்பருப்பு, கொள்ளு, கொண்டைக்கடலை எல்லாம் 100 கிராமுக்கு 20 கிராமும் அதற்கு மேலும் புரதம் தருபவை. சோயா உருண்டையில் 50 கிராமைத் தாண்டும். இந்த வரிசையில் நான் மிகவும் மதிப்பது பொட்டுக்கடலையை. வேகவைக்கவோ ஊறவைக்கவோ தேவையில்லை, உப்பும் கேட்காது. சட்னியைக் கெட்டியாக்க மட்டும் அதைப் பயன்படுத்துவது எனக்கு அநியாயமாகத் தோன்றுகிறது.

அப்படியானால் சிக்கல் எங்கே இருக்கிறது? நம் கையில்தான். ஒரு சாம்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போடுகிறோம். ஆளுக்கு ஐந்தரை கிராம் புரதம் வருகிறது. குழம்பு ஒரு லிட்டர் வரும், அதற்கு இரண்டு தேக்கரண்டி உப்பு. ஒரே வேளையில் அதைத் தீர்த்தால் ஒவ்வொருவருக்கும் இரண்டரை கிராம் உப்பு, அதாவது ஆயிரம் மில்லிகிராம் சோடியம். நாள் முழுவதற்கும் உரியதில் பாதி, ரசமும் பொரியலும் வருவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது! பருப்புச் சாப்பிட்டோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், சாப்பிட்டது பெரும்பாலும் உப்புத் தண்ணீரை.

ஆகவே எந்த உணவைப் பார்த்தாலும் ஒரு கிராம் புரதத்தோடு எத்தனை மில்லிகிராம் சோடியம் வருகிறது என்று நான் மனத்துக்குள் வகுத்துப் பார்ப்பேன். அவித்த முட்டைக்குப் பன்னிரண்டு வருகிறது. மேலே சொன்ன சாம்பாருக்கு நூற்று எண்பது. சாம்பாரை விட்டுவிடச் சொல்லவில்லை, நானும் விடப்போவதில்லை. பருப்பை இரட்டிப்பாக்கி, குழம்பின் அளவைப் பாதியாக்கினால் அதே ருசிக்குப் பாதி உப்பு போதும். மீன் குழம்பிலும் அப்படித்தான்: துண்டைத் தாராளமாக எடுத்துக்கொண்டு, குழம்பைச் சோறு நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றிக்கொள்ளலாம்.

கருவாடு பற்றிச் சொல்லாமல் விட்டால் சொந்தக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். நீர் வற்றிய மீன் என்பதால் அதில் புரதம் செறிந்திருப்பது உண்மைதான். ஆனால் பெரிய மீன்களைக் கீறி, உப்பை அடைத்துக் காயவைக்கிறார்கள். அழுகாமல் காப்பதே அந்த உப்புதான். வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கழுவினால் கொஞ்சம் இறங்கும், முழுவதும் போகாது. நெத்திலி மீன், சென்னாக்குன்னி என்னும் குட்டி இறால் போன்ற சிறியவற்றை உப்பிடாமல் வெறும் வெயிலில் காயவைப்பதும் உண்டு. விற்கும் அம்மாவிடம் கேட்டு, ஒன்றை வாயில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். அழுத்தம் உள்ளவர்களுக்கு உப்புக் கருவாடு எப்போதாவது ஒருநாள் ஆசைக்கு. அதைப் புரதக் கணக்கில் எழுதாதீர்கள்.

நாக்குக்குத் தெரியாமல் வரும் சோடியம் இன்னொரு வகை. சமையல் சோடாவில் கால் பங்குக்கு மேல் சோடியம்தான். அப்பளத்தில் உப்போடு அப்பளக் காரமும் சேர்கிறது, அதுவும் சோடியச் சேர்மம். உளுந்தில் செய்ததுதானே, புரதம்தானே என்று அப்பளத்துக்காக வாதாடிய ஒருவரை ஒரு கல்யாணப் பந்தியில் சந்தித்தேன். அவர் இலையில் அது நான்காவது. பதப்படுத்திய சீஸ், சாசேஜ், நக்கெட் ஆகியவற்றிலும் புரதம் உண்டு. நூறு கிராமுக்கு 500, 1,000 மில்லிகிராம் என்று சோடியமும் உண்டு. வீட்டில் பாலைத் திரித்து எடுக்கும் பன்னீரில் நாம் போட்டால்தான் உப்பு. பாக்கெட்டின் முன்பக்கத்தில் 'புரதம் நிறைந்தது' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் உடனே பின்பக்கம் திருப்புங்கள். சோடியம் அங்கே சிறிய எழுத்தில் இருக்கும். 100 கிராமுக்கு 120 மில்லிகிராமுக்குள் இருந்தால்தான் சோடியம் குறைந்தது என்று சொல்லிக்கொள்ள நம் உணவுப் பாதுகாப்பு விதி இடம் தருகிறது. அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் கடையில் பாதி அலமாரியைத் திரும்பிப் பார்க்காமல் கடந்துவிடலாம்.

இந்துப்புக்கு வருவோம். அதுவும் சோடியம் குளோரைடுதான். இளஞ்சிவப்பு நிறம் தரும் தாதுக்கள் அதில் இருக்கும் அளவு மிகச் சொற்பம். தூத்துக்குடி உப்பளத்தில் விளைந்ததை விட்டுவிட்டு மலையில் வெட்டியதை வாங்குவதால் ரத்தக் குழாய்க்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பெரும்பாலான இந்துப்பில் அயோடின் சேர்ப்பதில்லை என்பதால் நஷ்டம் வேறு. கல் உப்புக்காரர்களுக்கும் இதே பதில்: கரண்டியில் அள்ளும்போது இடைவெளி விழுவதால் எடை குறையலாம், கிராமுக்குக் கிராம் சோடியம் ஒன்றுதான்.

உப்பு குறைந்தால் ருசி போய்விடும் என்ற பயத்துக்கு நம் சமையலிலேயே மருந்து இருக்கிறது. சுண்டலை உப்பில்லாமல் வேகவைத்து, தாளித்து இறக்கிய பிறகு மேலாக ஒரு சிட்டிகை தூவுங்கள். உப்பு பயறுக்குள் ஊறிப்போகாமல் நாக்கில் முதலில் படும். மாங்காய், எலுமிச்சை, மிளகு, இஞ்சி, பெருங்காயம் கூடச் சேர்ந்தால் குறை தெரியாது. முதல் சில நாள் சப்பென்றுதான் இருக்கும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும், அதன்பின் ஹோட்டல் குருமா கரிக்கும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மேலே சொன்ன எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கூட்டச் சொல்வார்கள். அப்போது பருப்பில் உள்ள பொட்டாசியமும் பாலில் உள்ள பாஸ்பரஸும் கணக்கில் வரும், முட்டை வெள்ளைக்கரு முன்னுக்கு வரும். கடைகளில் விற்கும் 'சோடியம் குறைந்த உப்பு' இவர்களுக்கு ஆபத்தாகவே முடியலாம். சோடியத்தின் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்துத்தான் அதைச் செய்கிறார்கள். பழுதான சிறுநீரகத்தால் பொட்டாசியத்தைச் சரிவர வெளியேற்ற முடியாது. அளவு ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கிவைப்பவை. எனவே அந்த உப்புப் பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன், சாப்பிடும் மாத்திரைகளின் பெயரோடு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.