கேம்ப் படத்தைப் பார்க்காதீர்கள், மண்வெட்டி எத்தனை என்று கேளுங்கள்

சர்வதேசத் தன்னார்வ முகாம் என்றால் முகநூலில் வருவது ஒரே படம்தான். பல நாட்டுப் பிள்ளைகள், கையில் பெயிண்ட் பிரஷ், பின்னால் ஒரு பள்ளிச் சுவர். போன வருடம் வந்த குழுவும் அதே சுவருக்குத்தான் அடித்திருக்கும். கேட்டால் கலாச்சாரப் பரிமாற்றம் என்பார்கள். இந்த ஏற்பாடு எதற்காகத் தொடங்கியது என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

இந்த முகாம்களுக்கு வழிகாட்டிய அமைப்பு சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல், சுருக்கமாக எஸ்.சி.ஐ. இதைத் தொடங்கிய பியர் செரெசோல் சுவிட்சர்லாந்துக்காரர், படிப்பால் இன்ஜினியர். ராணுவ வரி கட்ட மறுத்துச் சிறைக்குப் போனவர். முதல் உலகப் போர் முடிந்தபின் நெதர்லாந்தின் பில்தோவன் என்ற ஊரில் கிறிஸ்தவ அமைதிவாதிகள் கூடிப் பேசினார்கள். 1920 கூட்டத்தில் பேச்சு மட்டும் போதாது என்று முடிவானது. அந்த வருட நவம்பரில் பிரான்சில் வெர்டன் பக்கத்தில் போரில் தரைமட்டமான எஸ்ன் கிராமத்தில் ஒரு சிறு குழு இறங்கியது. குண்டுக் குழிகளை மூடினார்கள், சாலையைச் சீர்செய்தார்கள், தற்காலிகக் குடிசைகள் போட்டார்கள். குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். நேற்றைய எதிரிகள் சேர்ந்து உழைப்பதுதான் முகாமின் நோக்கம், முகாமை முடித்ததும் அதுதான். பிரெஞ்சு அதிகாரிகளுக்கு அவர்கள் அங்கே இருப்பது பிடிக்கவில்லை. 1921 வசந்தத்தில் முகாம் கலைந்தது.

செரெசோலுக்கு அதோடு இன்னொரு கணக்கும் இருந்தது. துப்பாக்கி தூக்க மாட்டேன் என்பவன் சோம்பேறி இல்லை, ராணுவத்தானைவிடக் கடினமாக உழைப்பான் என்று சுவிஸ் அரசுக்குக் காட்ட வேண்டும். 1924-இல் சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவு இடிபாடுகளை அகற்றும் முகாம். அதை நடத்தியவர் அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவரான எர்னஸ்ட், சுவிஸ் ராணுவத்தில் கர்னல்! 1927-இல் ரைன் கரை உடைந்து லிக்டென்ஸ்டைன் வயல்கள் சரளையும் சேறுமாகிப்போயின. அடுத்த வருடம் எழுநூறுக்கும் மேற்பட்டோர் முறைவைத்து வந்து அள்ளினார்கள். 1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் செரெசோல் நேரிலேயே வந்தார், புதுக் குடியிருப்புகள் கட்டும் வேலையில் இருந்தார். சுவிட்சர்லாந்தில் ராணுவத்துக்குப் பதிலான சிவில் சேவை சட்டமாக நடைமுறைக்கு வந்தது 1996-இல்தான். ஆனால் அந்தக் காலத்து முகாம்களில் சமையலும் துவைப்பும் பெண்கள் தலையில்தான் விழுந்தன. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

1948-இல் இப்படி முகாம் நடத்தும் அமைப்புகளுக்கு யுனெஸ்கோ ஆதரவில் ஒருங்கிணைப்புக் குழு அமைந்தது, பிறகு ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் தனித்தனிக் கூட்டமைப்புகள் வந்தன. ஆண்டுக்கூட்டங்கள் எல்லாவற்றிலும் நல்ல தீர்மானங்கள் போடுகிறார்கள். முகாம் சொதப்புவது தீர்மானத்தில் இல்லை, ஏற்பாட்டில்.

வழக்கமான முகாம் இரண்டு மூன்று வாரம், பத்திலிருந்து பதினைந்து பேர். சாப்பாடும் தங்குமிடமும் வரவேற்கும் ஊருடையது, பயணச் செலவு வருகிறவருடையது. வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஆறு மணி நேர வேலை என்று வைத்தால் பழகாத கைகள் தாங்கும். முதல் இரண்டு நாளில் உள்ளங்கை கொப்பளித்துவிடும், அதனால் கையுறை கட்டாயம். பதினைந்து பேருக்கு நான்கு மண்வெட்டி இருந்தால் பதினொரு பேர் நின்று போட்டோ எடுப்பார்கள், அவ்வளவுதான். கட்டட வேலை என்றால் உள்ளூர்க் கொத்தனார் ஒருவரைக் கூலி கொடுத்து வைக்க வேண்டும். அவர் இல்லாமல் எழுப்பிய சுவரை, இவர்கள் விமானம் ஏறியபின் ஊர்க்காரர்கள் இடித்துக் கட்டுவார்கள். மணல், சிமென்ட் முகாம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே வந்து இறங்கியிருக்க வேண்டும். முதல் நாள் லாரி வரவில்லை என்றால் இரண்டாம் நாள் சுற்றுலா, மூன்றாம் நாள் முணுமுணுப்பு.

ஒரே நாட்டிலிருந்து இரண்டு மூன்று பேருக்கு மேல் எடுக்கக்கூடாது. நான்கு பேர் சேர்ந்தால் தங்கள் மொழியில் தனிக் குழுவாக உட்கார்ந்துவிடுவார்கள். சமையல் முறைப்படி நாளுக்கு இருவர், ஆண் பெண் எல்லோரும். மாட்டிறைச்சி, பன்றி, சைவம் எல்லாம் விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுவது நல்லது, அடுப்படியில் தீர்க்கப் போனால் சண்டைதான்.

எல்லாவற்றையும்விட முக்கியம், கூலிக்கு ஆள் வைத்துச் செய்யக்கூடிய வேலையை இலவச ஆள் பறிக்கக்கூடாது. ஊரில் சித்தாள் வேலைக்குக் காத்திருப்பவர் கண்முன்னே, காசு செலவழித்து வந்தவர் செங்கல் சுமந்தால் அதற்குப் பெயர் சேவை இல்லை. பணம் ஒதுக்க ஆளில்லாத வேலை, பேரிடர் இடிபாடு, தூர்ந்த பொதுக் கால்வாய், இவையே முகாமுக்குரியவை. வெளிநாட்டார் யாரும் வராவிட்டாலும் இந்த வேலை ஊருக்குத் தேவைதானா? ஏற்பாட்டாளர் அதற்குத் தயங்காமல் ஆமாம் சொல்லவேண்டும்.

விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகள் கட்டணம் கட்டும்முன் நான்கு விஷயம் எழுதிக் கேளுங்கள். இரண்டாம் வாரம் என்ன வேலை, எத்தனை கருவி, கொத்தனார் யார், இன்ஷூரன்ஸ் யார் பெயரில். "வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால் அந்தக் காசில் ரயிலேறிச் சுற்றுலா போய் வாருங்கள்.