தெரியாது என்று இந்த முறை சொல்ல முடியாது

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை உங்களில் பலர் நேரிலேயே பார்த்தீர்கள். எனவே விரித்துச் சொல்லப்போவதில்லை. காசாவைச் சேர்ந்த கவிஞர் ஒருவரின் கவிதையைத் தமிழில் பெயர்த்து வந்திருந்த அந்தப் பெண்ணை மேடைக்கு அழைத்துவிட்டு, இரண்டாவது வரியிலேயே நிறுத்தச் சொன்னார்கள். "இது நமக்குத் தொடர்பில்லாத அரசியல், மிகவும் சிக்கலானது, நமக்கு முழு விவரம் தெரியாது" என்று அமைப்பாளர் ஒலிவாங்கியில் அறிவித்தார். சிலர் கைதட்டவும் செய்தார்கள். 2022இல் இதே மேடையில் உக்ரைன் மக்களுக்காக எழுந்து நின்று அஞ்சலி செலுத்தியபோது முழு விவரம் யாருக்கும் தேவைப்படவில்லை. நானும்தான் எழுந்து நின்றேன். அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

என்னால் செரிக்க முடியாதது அந்தத் "தெரியாது" தான். 2023 அக்டோபர் 9 அன்று இஸ்ரேலின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த யோவ் காலண்ட், காசாவுக்கு இனி மின்சாரம் இல்லை, உணவு இல்லை, எரிபொருள் இல்லை என்று கேமராவுக்கு முன்னால் அறிவித்தார். ஒளித்துச் செய்யவில்லை. 365 சதுர கிலோமீட்டருக்குள் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டுக் கிடக்கும் அந்த நிலத்துக்குள், 2025 மார்ச் 2 முதல் ஏறத்தாழப் பதினோரு வாரங்கள் ஓர் உணவு லாரியைக்கூட விடவில்லை. அந்த ஆகஸ்டில், காசா நகரில் பஞ்சம் நிலவுவதாக ஐ.நா. ஆதரவு பெற்ற உணவுப் பாதுகாப்பு வல்லுநர்கள் உறுதிசெய்தார்கள். மழை பொய்த்து வந்த பஞ்சம் அல்ல அது. மாவு மூட்டைகள் எல்லைக்கு அந்தப் பக்கம் குவிந்து கிடக்க, இந்தப் பக்கம் குழந்தைகள் எலும்பாகிப்போன பஞ்சம். எல்லாவற்றையும் நம் கைப்பேசியில், உணவுக் குறிப்புக் காணொளிகளுக்கு நடுவே பார்த்தோம்.

2024 ஜனவரி 29 அன்று, காசா நகரில் சுடப்பட்ட ஒரு காருக்குள், இறந்துபோன உறவினர்களின் உடல்களுக்கிடையே சிக்கிய ஒரு சிறுமி, தன்னை வந்து அழைத்துப் போகும்படி, மருத்துவ உதவி அமைப்பான செம்பிறைச் சங்கத்தாரிடம் தொலைபேசியில் மணிக்கணக்கில் கெஞ்சினாள். மீட்கச் சென்ற ஆம்புலன்ஸில் இருந்த இருவரும் கொல்லப்பட்டார்கள். பன்னிரண்டு நாட்கள் கழித்துத்தான் உடல்களை அடைய முடிந்தது. அவள் குரலின் ஒலிப்பதிவை உலகமே கேட்டது. அமைப்பாளர் அவர்களே, இதில் எந்தப் பகுதி தங்களுக்குச் சிக்கலாக இருக்கிறது?

அரசுகளுக்கும் தெரியாமல் இல்லை. இனப்படுகொலையைத் தடுக்க நடவடிக்கை எடுக்குமாறு 2024 ஜனவரி 26 அன்றே சர்வதேச நீதிமன்றம் இஸ்ரேலுக்கு ஆணையிட்டது. ஐ.நா. பாதுகாப்பு அவையில் 2025 ஜூன் 4 அன்று போர்நிறுத்தத் தீர்மானத்தைப் பதினைந்து உறுப்பினர்களில் பதினான்கு பேர் ஆதரித்தார்கள். அமெரிக்கா ஒன்றே எதிர்த்தது, அதன் வீட்டோவால் தீர்மானம் செத்தது. அடுத்த வாரம் பொதுச்சபையில் 149 நாடுகள் போர்நிறுத்தம் கோரி வாக்களித்தபோது, வாக்களிக்காமல் ஒதுங்கிய 19 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 1947இல் பாலஸ்தீனப் பிரிவினையை எதிர்த்து வாக்களித்த நாடு, 1974இல் அரபு அல்லாத நாடுகளில் முதலாவதாகப் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அங்கீகரித்த நாடு, பட்டினியால் சாகும் குழந்தைகளுக்காகக் கை தூக்குவதற்குள் களைத்துப்போய்விட்டது போலும்.

ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த காலத்தில், எங்கள் அலுவலகக் கணக்குப் பிரிவில் காசாவைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். எகிப்து அரசு பாலஸ்தீன அகதிகளுக்கு வழங்கும் பயண ஆவணத்தை வைத்திருந்தார். வேடிக்கை என்னவென்றால், அதைக் காட்டி விசா இல்லாமல் எகிப்துக்குள்ளேயே நுழைய முடியாது. ஆட்குறைப்புச் செய்தி வந்த அன்று நாங்கள் எல்லோரும் ஊருக்குப் போனால் என்ன செய்வது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். அவர் சிரித்துக்கொண்டே என்னிடம், "உனக்கு வேலை போனால் திருச்சிக்குப் போவாய். எனக்கு வேலை போனால் எங்கே போவது, சொல்" என்றார். காசாவின் கான் யூனிஸில் இருந்த தாயைப் பார்க்க வழியில்லாமல் தொலைபேசியிலேயே பிள்ளையாக இருந்த மனிதர் அவர். அரபு சகோதரத்துவம் என்று பேசும் நாடுகளின் லட்சணமும் அங்கேதான் எனக்குப் புரிந்தது. இதைத்தான் நமக்குத் தொடர்பில்லாதது என்கிறார்கள்.

உடனே கேட்பீர்கள்: 2023 அக்டோபர் 7 பற்றி ஏன் பேசவில்லை? பேசுகிறேன். அன்று ஹமாஸ் தலைமையில் இஸ்ரேலுக்குள் நடந்த தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டதும், சுமார் 250 பேர் பிணைக்கைதிகளாக இழுத்துச் செல்லப்பட்டதும் கொடுங்குற்றங்கள். எழுத எனக்குத் தயக்கமில்லை. அந்தக் குற்றத்துக்கு அதற்குப் பிறகு பிறந்த குழந்தையின் பால்மாவை நிறுத்துவது எந்த ஊர் நியாயம் என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். சூடானைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பவர்கள் முதலில் சூடானைப் பற்றி ஒரு வரி எழுதட்டும். நான் வந்து படிக்கிறேன்.

மிகவும் வலிப்பது இன்னொரு கேள்வி. "2009இல் நம் இனம் அழிந்தபோது பாலஸ்தீனர்கள் எங்கே போனார்கள்? ராஜபக்சவுக்கு விருது கொடுத்தவர்கள்தானே?" ஆம், கொடுத்தார்கள், 2014இல் மகிந்த ராஜபக்சவுக்கு விருது வழங்கியது பாலஸ்தீன அதிபர் மகமூத் அப்பாஸின் நிர்வாகம். அன்று எனக்கு வயிறு எரிந்தது, இன்றும் எரிகிறது. ஆனால் கான் யூனிஸ் கூடாரத்தில் இருக்கும் சிறுவனா அந்தப் பதக்கத்தை அணிவித்தான்? வன்னியின்மீது குண்டு போட்ட கிபிர் விமானங்கள் எந்த நாட்டில் செய்யப்பட்டவை என்பதை இவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். பாதுகாப்பு வலயம் என்று அறிவித்து மக்களை அங்கே வரவழைத்து, பிறகு அங்கேயே குண்டு போடும் தந்திரத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பாதுகாப்பான பகுதி என்று சொல்லப்பட்ட அல்-மவாசியில் 2024 ஜூலை 13 அன்று தொண்ணூறு பேர் கொல்லப்பட்டபோது, முள்ளிவாய்க்காலை நினைக்காமல் ஒரு தமிழனால் எப்படி இருக்க முடிந்தது? உலகம் நம்மைக் கைவிட்டது என்று ஆண்டுதோறும் மே மாதம் அழுகிறோமே, அந்த உலகத்தில் இன்று நாமும் ஓர் ஆள்தானே.

நேற்று ஒரு நண்பர் தொலைபேசியில், "அதுதான் போர் நின்றுவிட்டதே, இன்னும் எதற்கு?" என்றார். 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் வந்தபோதே, காசா சுகாதாரத் துறையின் கணக்கில் இறந்தவர்கள் 67,000ஐத் தாண்டியிருந்தார்கள். இடிபாடுகளுக்கு அடியில் கிடப்பவர்கள் அதில் சேர்த்தி இல்லை. அதற்குப் பிறகும் குண்டுகள் விழுந்தன, ஆட்கள் செத்தார்கள், மழையில் கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது. இவற்றையெல்லாம் அவருக்கு எடுத்துச் சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவர் என்னைவிட ஒழுங்காகச் செய்தி வாசிப்பவர்.