பால்ஸ் சீலிங்குக்கு யார் விலை கொடுப்பார்கள்?

சென்னையில் 25, 30 ஆண்டு பழைய அடுக்குமாடி வீட்டைப் புதுப்பிக்கத் தொடங்கும் பலரும், செலவு கைமீறும்போது, "நாளைக்கு விற்றால் இந்தப் பணம் திரும்பி வந்துவிடும்" என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். வராது என்பதே என் கருத்து. இந்த நகரத்தில் பழைய வீட்டின் விலையில் பெரும்பகுதி நிலத்தின் விலைதான். மேற்கு மாம்பலத்திலோ நங்கநல்லூரிலோ வீடு பார்க்க வருபவர் முதலில் கேட்பது யூடிஎஸ் எவ்வளவு, அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்பதை. அடுத்து அனுமதி பெற்ற வரைபடம், கார் நிறுத்த இடம், தண்ணீர். 2019 கோடையில் தண்ணீர் லாரிக்காகக் காத்துக் கிடந்தவர்கள் ஆழ்துளைக் கிணற்றின் ஆழத்தையும் நிலத்தடித் தொட்டியான சம்பின் கொள்ளளவையும் கேட்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. நீங்கள் லட்சக்கணக்கில் இழைத்த பால்ஸ் சீலிங்கோ (கூரைக்குக் கீழே பொருத்தும் அலங்காரப் பொய்க்கூரை), மாடுலர் கிச்சனின் நிறமோ அவருக்குப் பிடிக்காமல் போனால், அதைக் கழற்றும் கூலியையும் விலையில் குறைக்கச் சொல்வார்.

எனவே முகம் தெரியாத யாரோ ஒருவருக்காக வீட்டை அலங்கரிப்பதை விட்டுவிட்டு, குடியிருப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருசேரப் பயன்படும் வேலைகளை முதலில் முடிக்க வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியாதவை என்பதுதான் சிக்கல். அந்தக் காலத்து ஜிஐ குழாயை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, ஓரிடத்தில் அறுத்துப் பாருங்கள். உள்ளே துரு படிந்து படிந்து, தண்ணீர் போக ஒரு பென்சில் நுழையும் அளவுக்கே வழி மிஞ்சியிருக்கும். அதை அப்படியே சுவருக்குள் விட்டுவிட்டு, மேலே விலை உயர்ந்த டைல்ஸும் ஷவரும் பொருத்துவது வீண்செலவு. குளியலறையில் பழைய டைல்ஸின் மேலேயே புதியதை ஒட்டித் தருவதாகச் சொல்லும் மேஸ்திரிகள் உண்டு. தரைமட்டம் உயர்ந்து, கதவு தேய்ந்து, தண்ணீர் படுக்கையறைப் பக்கம் வழியும்போதுதான் அந்தச் சிக்கனத்தின் விலை தெரியும். தளத்தைப் பெயர்த்து, பள்ளமாக விட்ட பகுதியில் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து, தண்ணீரைக் கட்டி இரண்டு நாள் நிறுத்தி, கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் இறங்கவில்லை என்று பார்த்த பிறகே டைல்ஸ் பதிக்க வேண்டும். ஒயரிங்கும் இப்படித்தான்: ஏசிக்குத் தனி இணைப்பும் அதற்குரிய தடிமனில் செம்புக் கம்பியும் வேண்டும், மின்கசிவு வந்தால் துண்டிக்கும் கருவி வேண்டும். மொட்டை மாடி பொதுச் சொத்துதானே என்று மேல்மாடிக்காரர் தலையில் கட்டாமல், சங்கத்தில் பணம் திரட்டி அதில் பதித்த தட்டோடுகளை மாற்றுவதும், 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது கட்டி இன்று மண் மூடிக் கிடக்கும் தொட்டியைத் தூர்வாருவதும் எல்லா வீடுகளின் மதிப்பையும் காக்கும்.

இவற்றுக்குப் பிறகு மிஞ்சும் பணத்தை அன்றாடம் கையும் காலும் படும் இடங்களில் தாராளமாகச் செலவிடலாம். வழுக்காத தரை, சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் குளியலறைக் கதவு, சமைப்பவரின் உயரத்துக்கு ஏற்ற மேடை, கிரைண்டருக்கும் மிக்ஸிக்கும் எட்டும் தூரத்தில் பிளக் ஆகியவை திரும்பி வருமா என்று கணக்குப் பார்க்க வேண்டாம். அலமாரிக்கு மட்டும், கடற்காற்று ஈரத்தில் மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை உப்பிவிடும் என்பதால், ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710 முத்திரையுள்ள பிளைவுட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கையை வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. சமையலறைச் சுவரை இடித்து ஹாலோடு சேர்க்கும் மோகம் இப்போது அதிகம். தாளிப்பு நெடி சோபா வரை வரும் என்பது என் சொந்த எரிச்சல், அதை விடுங்கள்; தூண்கள் இல்லாமல் சுவர்களே பாரம் தாங்கும் பழைய கட்டடத்தில், பொறியாளரைக் கேட்காமல் சுவரைத் தொடுவது மேலே குடியிருப்பவரின் உயிரோடு விளையாடுவது. பால்கனியை மூடி அறையாக்கினால், வாங்குபவருக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் மதிப்பீட்டாளர் வரைபடத்தோடு ஒப்பிட்டுக் கேள்வி எழுப்புவார். இரண்டு படுக்கையறையை ஒன்றாக்கிப் பெரிதாக்கினால், இரண்டு படுக்கையறை வீடு தேடுபவர்கள் எட்டிப் பார்க்கவே மாட்டார்கள்.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி, உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இசைந்தால் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட வழி உண்டு. உங்கள் வளாகத்தில் அந்தப் பேச்சு தொடங்கியிருந்தால், குழாயையும் ஒயரையும் பாதுகாப்பாக ஓடும் நிலையில் வைத்துக்கொண்டு அதோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம். இத்தாலிய மார்பிளுக்குக் கட்டுமான நிறுவனம் தனியாகப் பங்கு தராது.

பில் இல்லாமல் செய்தால் தொகையைக் குறைத்துக்கொள்வதாகச் சொல்லும் ஒப்பந்தக்காரரிடம் மயங்காதீர்கள். வீட்டை விற்கும்போது வரும் லாபத்துக்கான மூலதன ஆதாய வரிக் கணக்கில், வெள்ளையடிப்பு, சில்லறைப் பழுது போன்றவை நீங்கலாக, நிலையான மேம்பாட்டுச் செலவைக் கழித்துக்கொள்ளலாம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடென்றால், இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்குப் பணவீக்கச் சரிக்கட்டல் (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இன்றி 12.5 விழுக்காடு, அந்தச் சரிக்கட்டலுடன் 20 விழுக்காடு என்ற இரண்டில் குறைவாக வரும் வரியைக் கட்டும் வாய்ப்பும் இருக்கிறது. இரண்டில் எந்த வழியில் போனாலும் அதிகாரி கேட்பது பில்லையும் வங்கி வழியாகப் பணம் கொடுத்த பதிவையும்தான்.